எண்ணெய்க் கிண்ணம் என் கையில் இருந்த வருஷம்

என் தகப்பனார் ஒரு பஸ் கம்பெனியை விலைக்கு வாங்கி, அதை வைத்தே தன் வாரிசு யார் என்பதைத் தீர்த்துவிட்டுப் போனார். எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையை இரண்டு விதமாகச் சொல்வார்கள். என் தம்பி வீட்டில் சொல்கிற கதையில் அப்பா பெரிய தீர்க்கதரிசி. இது என் கதை. இதிலும் அவர் தீர்க்கதரிசிதான், அதில் எனக்குத் தகராறு இல்லை. நான் மூத்த மகன் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

படிக்கிறவர்கள் என் மேல் இரக்கப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் நான் செய்ததை யாரும் என் கையைப் பிடித்துச் செய்ய வைக்கவில்லை. எனக்குப் பிடித்துத்தான் செய்தேன்.

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முந்தி, தென்காசியில் எங்களுக்கு ஆறு பஸ் இருந்தது. ரயிலடியிலிருந்து குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் ஓடின. முன்னால் கம்பியைச் செருகிச் சுழற்றினால்தான் இஞ்சின் பிடிக்கும். பக்கவாட்டில் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் கித்தான் படுதாவை இறக்கிக் கட்ட வேண்டும். ஆள் நிறைந்தால்தான் வண்டி கிளம்பும். நிறைகிறவரை கண்டக்டர் ரயிலடியில் நின்று "குத்தாலம், குத்தாலம்" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். ஆனியில் சாரல் தொடங்கிவிட்டால் மூன்று மாதத்துக்கு யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. மற்ற ஒன்பது மாதத்தையும் அந்த மூன்று மாதம்தான் தாங்கியது.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. அருவியில் புதுத் தண்ணீர் விழத் தொடங்கிய வாரத்தில் ஒரு நாள் காலை, டிரைவர், கண்டக்டர், கிளீனர், ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் எல்லாரையும் குற்றாலத்துக்குக் கூட்டிப் போவோம். அருவிக்குக் கீழே பாறை மேல் எல்லாரும் துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்காருவார்கள். முதலாளி பித்தளைக் கிண்ணத்தில் நல்லெண்ணெயை எடுத்துக்கொண்டு வரிசையின் ஒரு முனையிலிருந்து வருவார். ஒவ்வொருவர் உச்சந்தலையிலும் ஒரு கை எண்ணெய் வைப்பார். எண்ணெய் விழுந்தால் அந்த வருஷம் அவனுக்கு வேலை உண்டு. கடைசித் தலையும் முடிந்தபின், வேலையாட்களில் மூத்த டிரைவர் எழுந்து வந்து கிண்ணத்தை வாங்கி, முதலாளி தலையில் எண்ணெய் வைப்பார். நீதான் எங்கள் முதலாளி என்று அவர்கள் எல்லாரும் சேர்ந்து சொல்கிற மாதிரி அது. அதற்கப்புறம்தான் அருவிக்குள் போவார்கள். குளித்துவிட்டு வந்தால் அண்டாவில் புளியோதரை காத்திருக்கும்.

சீட்டு, கையெழுத்து எதுவும் கிடையாது. அந்த எண்ணெய்க்கு இருந்த மரியாதை பத்திரத்துக்கு இருந்ததில்லை. ஒரே ஒரு தடவை அப்பா ஒரு தலையைத் தாண்டிப் போனதைப் பார்த்திருக்கிறேன். வண்டியில் வந்த ஒரு பெண்பிள்ளையிடம் தப்பாகக் கையை நீட்டிய கண்டக்டர் அவன். காய்ந்த தலையோடு எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து நடந்தான். வாயைத் திறக்காமலே ஒருவனை இல்லாமல் ஆக்கிவிட முடிகிறதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அது எனக்கு ரொம்பப் பிடித்தும் போயிற்று.

என் தம்பி என்னைவிட நான்கு வயது இளையவன். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஷெட்டுக்கு வந்தவன். கிரீஸும் கரியும் என் நகத்துக்குள் நிரந்தரமாகத் தங்கிவிட்டன. தம்பி பாளையங்கோட்டையில் இண்டர்மீடியட் படித்தவன். பரம சாது. பக்கத்தில் யாராவது உரக்கப் பேசினாலே அவன் முகம் சுருங்கிவிடும். டிக்கெட் வாங்காமல் ஏறியவரை இறக்கிவிடக்கூட அவனுக்கு வாய் வராது. இவன் எங்கே கம்பெனி நடத்தப் போகிறான் என்று நான் நினைத்தேன். ஊரும் அப்படித்தான் நினைத்தது. அப்பா என்ன நினைத்தார் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. ஷெட்டில் அவர் உட்காரும் கை வைத்த நாற்காலியில் நான் உட்காரப் போகிற நாளை மனசுக்குள் நூறு தடவை பார்த்து வைத்திருந்தேன்.

ஆலங்குளத்துக் கம்பெனிக்கு ஒன்பது பஸ். திருநெல்வேலி ரோடு முழுக்க அவர்கள் கையில் இருந்தது. எங்களைவிடப் பெரிய கம்பெனி. அதன் முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் சொல்லும். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை, மூன்று மருமகன்கள். தனக்கப்புறம் கம்பெனியைப் பார்க்கப் போவது யார் என்று அவர் சொல்லவே இல்லை. ஒருவர் பெயரைச் சொன்னால் மற்ற இரண்டு பேருக்கும் வருத்தம் வருமே என்று தள்ளிக்கொண்டே போனார். ஒரு நாள் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். மருமகன்கள் ஆளுக்கு மூன்று பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு, ஒரே ரோட்டில் ஒருவர் பஸ்ஸை ஒருவர் முந்தி ஓட்டினார்கள். ஒரே வருஷத்தில் கம்பெனி நொறுங்கியது. அண்ணாச்சி அப்பாவுக்கு ஆள் அனுப்பினார்.

விலை பேச அப்பா என்னையும் தம்பியையும் கூட்டிப் போனார். அண்ணாச்சி வீட்டுக் கூடத்தில் மருமகன்கள் மூன்று பேரும் மூன்று மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அண்ணாச்சி கட்டிலில் படுத்தபடியே பேசினார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. விலையைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"என் ஆளுவளை மட்டும் கைவிட்றாதிய. எல்லாம் ஆரம்பத்துலேர்ந்து எங்கூட இருக்கவனுவ."

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னைக் காட்டினார். "இனிமே எல்லாம் மூத்தவன் பொறுப்பு, அண்ணாச்சி. அவன்ட்ட சொல்லுதேன்."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பிக் கும்பிடப் பார்த்தார். ஒரு கைதான் எழும்பியது. அவ்வளவு பெரிய மனுஷர் என்னைக் கும்பிடுகிறார் என்று எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப் போயிற்று. அப்பா எந்த வாக்கும் கொடுக்கவில்லை என்பதும், நாளைக்கு ஏதாவது நடந்தால் பழி என் பெயரில்தான் விழும் என்பதும் எனக்கு உறைப்பதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

திரும்பி வரும் வழியில் அப்பா சொன்னார். "பாத்தியளாலே? ஒம்பது பஸ்ஸு ஓட்டினவரு, அடுத்து ஆருன்னு சொல்லாமப் படுத்துட்டாரு. சொல்லுததுக்குப் பயம். நான் பயப்பட மாட்டேன்." சொல்லும்போது என் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கிரயம் முடிந்த மறுநாள் என்னை ஷெட்டில் கூப்பிட்டார். வாங்கிய ஒன்பது வண்டியில் நான்கு ஓடவே லாயக்கில்லாதவை. ஆட்கள் மட்டும் ஒன்பது வண்டிக்கும் இருந்தார்கள்.

"பன்னெண்டு பேரைக் கொறைக்கணும்," என்றார். "இல்லைன்னா இதும் முங்கிரும், நம்மளையும் சேத்து முக்கிரும்."

"யாரு யாரை?"

"நீயே பாரு. எப்படிச் சொல்லணும்ங்கதையும் நீயே பாத்துக்க. நான் குறுக்க வர மாட்டேன்." கூடவே, "இந்த வருசம் குத்தாலத்துல கிண்ணத்தையும் நீயே பிடி," என்றார்.

நான் ஷெட்டுக்குப் பின்னால் போய்த் தனியாக நின்று சிரித்தேன். கிண்ணம் பிடிக்கிறவன் முதலாளி. இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

பன்னிரண்டு பேரையும் ஆலங்குளத்து ஆட்களிலிருந்தே பொறுக்கினேன். எங்கள் ஷெட்டிலும் வேலை தெரியாத சோம்பேறிகள் இருந்தார்கள், அவர்களைத் தொடவில்லை. அவர்கள் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறவர்கள். ஆலங்குளத்து ஆட்களில் ஒருவன் நான் பேசும்போது பீடியைக் கீழே போடவில்லை, அவனை எடுத்தேன். ஒருவன் அண்ணாச்சி பேச்சை எடுத்தால் கண் கலங்கினான், அவனையும் எடுத்தேன். அவர்களுடைய மூத்த டிரைவர் ஐம்பது தாண்டியவர். பதினைந்து பஸ்ஸிலும் அவரைப் போல வண்டி ஓட்டுகிறவர் கிடையாது. அதனாலேயே அவரை முதலில் எடுத்தேன். ஆலங்குளத்து ஆட்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் சொன்னதைச் செய்தார்கள். ஒரு ஷெட்டில் இரண்டு பேருடைய பேச்சு எடுபடக் கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உட்கார வைத்து, சங்கதியைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். பன்னிரண்டு பேருக்கு ஒரு காலை நேரம் போதும். ஆனால் என் கைக்குக் கிண்ணம் வரப் போகிறது. சாரலுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. காத்திருந்தேன்.

ஆலங்குளத்து ஆட்களுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. புது முதலாளி எல்லாரையும் அருவிக்குக் கூட்டிப் போகிறார், சாப்பாடும் உண்டு என்று மட்டும் கேள்விப்பட்டுச் சந்தோஷமாக வந்தார்கள். கோடித் துண்டு வாங்கிக் கட்டியிருந்தவர்களும் இருந்தார்கள். மூத்த டிரைவர் முகத்தை மழுங்கச் சிரைத்து, சீயக்காயை ஒரு தகர டப்பாவில் வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தார். பஸ்ஸில் வரும்போது, "நாங்க இத்தனை வருசம் திருநெவேலி ரோட்டுல தூசியைத்தான் தின்னோம். இங்கன அருவித் தண்ணி" என்று எங்கள் ஆட்களிடம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் முன் சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாரல் பொடியாகத் தூவிக்கொண்டிருந்தது. எல்லாரும் பாறை மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தம்பி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றான். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிண்ணத்தை எடுத்தேன்.

எங்கள் ஆட்கள் முதலில் இருந்தார்கள். மூத்த டிரைவர் தொடங்கி எல்லார் தலையிலும் தாராளமாக வைத்தேன். அப்புறம் ஆலங்குளத்து வரிசை. முதலாவது ஆள் அவர்களுடைய மூத்த டிரைவர். தலையைக் குனிந்து, கண்ணை மூடி, உள்ளங்கை இரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவரைத் தாண்டி அடுத்தவன் தலையில் வைத்தேன். எங்கள் ஆட்கள் பக்கத்தில் பேச்சுச் சத்தம் நின்றது. இரண்டு தலை தள்ளி இன்னொருவனைத் தாண்டினேன். அப்படியே போனேன். எந்தத் தலை யாருடையது என்று பார்க்க எனக்குக் காகிதம் தேவைப்படவில்லை.

ஏழாவது தலையைத் தாண்டும்போது பின்னாலிருந்து ஆலங்குளத்து மூத்த டிரைவர் கூப்பிட்டார். கண்ணைத் திறந்துவிட்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது.

"சின்ன மொதலாளி, என்னைய விட்டுட்டியளே."

திரும்பிப் பார்த்தேன். "விடலை. ஒமக்கு இல்லை."

அவருக்குப் புரியவில்லை. "எண்ணெய் காணாதோ? ஒரு சொட்டு போதுமே," என்று உள்ளங்கையை நீட்டினார்.

நான் அவர் இருக்கிற இடம்வரை திரும்பி வந்து, கிண்ணத்தைச் சாய்த்து அவருக்குக் காட்டினேன். பாதிக்கு மேல் எண்ணெய் இருந்தது. காட்டிவிட்டு மறுபடியும் வரிசைக்குப் போனேன். இதை எழுதுகிற இந்த நேரத்திலும் எனக்கு அந்தக் கிண்ணத்தின் கனம் கையில் தெரிகிறது. அன்று நான் வெட்கப்படவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நன்றாக இருந்தது.

எங்கள் கண்டக்டர் ஒருவர் நகர்ந்து போய் அவர் காதில் விஷயத்தைச் சொன்னார். நீட்டிய கையை அவர் மெதுவாக மடக்கித் துண்டில் துடைத்துக்கொண்டார், அதில் ஒன்றும் இல்லாவிட்டாலும். அழவில்லை, சாபம் போடவில்லை. எழுந்து நின்று என்னிடம் கேட்டார்.

"அப்பொ நாங்க சாப்பாட்டுக்கு இருக்கணுமா, போயிரணுமா?"

"போகலாம்," என்றேன்.

அதோடு வரிசை முடிந்தது. எங்கள் மூத்த டிரைவர் எழுந்து வந்தார். அவர் கிண்ணத்தை வாங்கி என் தலையில் எண்ணெய் வைக்க வேண்டும். நான் கிண்ணத்தை நீட்டித் தலையைக் குனிந்தேன். கிண்ணம் என் கையிலேயே இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அவர் என்னைக் கடந்து போயிருந்தார். தன் தலையில் நான் வைத்த எண்ணெயை இரண்டு கையாலும் வழித்து, ஆலங்குளத்துக்காரர் தலையில் அரக்கித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாரும், குளிச்சிட்டுப் போவும். இங்கன வரைக்கும் வந்துட்டு தலை நனையாமப் போவக் கூடாது," என்று அவர் தோளைப் பிடித்து அருவிக்குள் கூட்டிப் போனார். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். யாரும் என் பக்கம் வரவில்லை. பன்னிரண்டு பேரும் குளித்துவிட்டு, சாப்பிடாமல், ஈரத் துண்டோடு தென்காசிக்கு நடந்தார்கள். 

நான் காய்ந்த தலையோடு பாறை மேல் நின்று அப்பாவைத் தேடினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி அண்டாவுக்குப் பக்கத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றான். பொட்டை மாதிரி அழுகிறான் என்று நினைத்து நான் திருப்திப்பட்டேன்.

எங்கள் மூத்த டிரைவரையும் அன்றே நிறுத்தியிருப்பேன். அப்பாதான், "அவன் கெடக்கான், விடு" என்றார்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் நான்தான் முதலாளி. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். ஆலங்குளத்து வண்டிகளின் பச்சைப் பெயிண்டைச் சுரண்டி எங்கள் நிறத்தை அடித்தேன். ஒரே ரோட்டில் அடுத்தடுத்து ஓடிய வண்டிகளைப் பிரித்து நேரம் வைத்தேன். நிறைந்தால்தான் கிளம்பும் என்கிற பழக்கத்தை நிறுத்தி, மணியைப் பார்த்து வண்டியை எடுக்க வைத்தேன். இரண்டு கம்பெனி ஒரு கம்பெனியாக ஆயிற்று. அதில் பொய் இல்லை. இன்று தம்பி பேரன்கள் சாப்பிடுகிற சோற்றில் அந்த வருஷத்து வேலை இருக்கிறது. ஆனால் நான் ஷெட்டுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். தம்பியை அப்பா ஆலங்குளத்து ஆபீசில் போய் உட்காரச் சொல்லியிருந்தார். ஒன்றுக்கும் உதவாதவனை ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் எனக்கு வசதியாக எடுத்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரன்.

அடுத்த சாரலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, சுவாதி நட்சத்திரத்தன்று, மனைவியோடு கீழப்பாவூர் நரசிம்மர் கோயிலுக்குப் போனேன். தெப்பக்குளத்துப் படியில் கால் கழுவும்போது ஒரு பெண்பிள்ளை என் மனைவியோடு பேச்சுக் கொடுத்தாள். நாங்கள் யார் என்று அவளுக்குத் தெரியாது. பேச்சுவாக்கில் அவள் ஆலங்குளத்து மூத்த டிரைவரின் சம்சாரம் என்று தெரிந்தது.

"எங்க வீட்டு ஆளைப் பஸ்காரரு மூத்த மவன் வேலையை விட்டுத் தள்ளிட்டான். விளங்குவானா அவன்? ஆனா சின்னவரு தங்கம். மாசந் தவறாம வீடு தேடி நெல்லு கொண்டாந்து போடுதாவ. பன்னெண்டு வீட்டுக்கும்தான். வார சாரலுக்கு வேலைக்கும் வாங்கன்னு பெரியவுக சின்னவர்ட்ட சொல்லி விட்டுருக்காவ."

"நீங்க எந்த ஊரு?" என்று அவள் கேட்டதற்கு, என் மனைவி செங்கோட்டை என்று பொய் சொன்னாள்.

மறுநாள் காலை ஷெட்டில் அப்பா கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் போய் நின்றேன்.

"தம்பியை விட்டு நெல்லுக் கொடுத்து அனுப்புதியளா?"

"ஆமா."

"கொறைக்கச் சொன்னது நீங்க."

"ஆமாலே. கொறைக்காம கம்பெனி நிக்காது. கொறைச்சவனை நாளைக்கு ஆளுவ மொதலாளின்னு ஏத்துக்கிட மாட்டானுவ. ரெண்டும் எனக்குத் தெரியும்." காபியை ஒரு வாய் குடித்தார். "இப்ப நாலு வண்டி புதுசா வருது. வாரவனுவளைத் திரும்ப எடுக்கலாம். எடுக்கதை அவன் எடுக்கட்டும்."

"வாங்கும்போதே முடிவு பண்ணிட்டியளா?"

"வாங்கினதே அதுக்குத்தாமுலே. இருக்க ஆறு பஸ்ஸை வச்சு நான் யாரு தலையில கட்டுனாலும் நீங்க ரெண்டுபேரும் அந்த மருமக்கமாரு மாதிரி அடிச்சுக்கிடுவிய. பெருசா ஒண்ணு வந்தாத்தான் ஒருத்தன் வெட்டவும் இன்னொருத்தன் கட்டவும் வேலை இருக்கும். அவனை வெட்ட விட்டா அவன் செத்துருவான். நீ தாங்குவ."

"நான் மூத்தவன்பா."

"அதனாலதான் ஒன்னைய விட்டேன். வெளியாள விட்டா, மொதலாளி சொன்னாரு செஞ்சேன்னு சொல்லிருவான். நீ சொல்ல மாட்ட. நீயே செஞ்சதாத்தான் நெனப்ப."

நான் கேட்க நினைத்தது ஒன்று, வாயில் வந்தது வேறொன்று. "ஷெட்டுல வச்சு ஒவ்வொருத்தனாச் சொல்லி அனுப்பிருந்தா?"

அப்பா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "எண்ணெயை வச்சுச் செய்யின்னு நான் சொல்லலை. கிண்ணத்தைச் சாய்ச்சு வேற காமிச்ச. நீ ஒழுங்காச் சொல்லி அனுப்பிருந்தா, நான் மனசு மாறியிருப்பனோ என்னமோ." தம்ளரைக் கீழே வைத்தார். "மாறியிருக்க மாட்டேன்."

பிறகு, "இந்த வருசம் தம்பி கிண்ணம் பிடிப்பான். நீயும் வந்துரு," என்றார்.

"நான் எங்கன நிக்கணும்?"

"நிக்க வேண்டாம். ஒக்காரு."

போகாமல் இருந்திருக்கலாம். பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கோ கொழும்புக்கோ போயிருக்கலாம். எனக்குத் தெரிந்த தொழில் ஒன்று, ஊர் ஒன்று. அதோடு, கடைசி நேரத்தில் அப்பா என்னைக் கைதட்டிக் கூப்பிட்டுக் கிண்ணத்தைக் கொடுப்பார் என்று ஒரு கேவலமான நம்பிக்கையும் இருந்தது. போனேன்.

அந்த வருஷமும் சாரல் பொடியாகத் தூவியது. அப்பா அதே பஸ் படியில் குடையோடு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு பேரில் ஏழு பேர் திரும்பி வந்திருந்தார்கள். ஒருவன் கொழும்புக்குக் கப்பல் ஏறிவிட்டான், ஒருவர் தை மாதம் காய்ச்சலில் செத்துவிட்டார், மற்ற மூன்று பேரும் கூப்பிட்டும் வரவில்லை. நான் சட்டையைக் கழற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார இடம் தேடினேன். யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. வரிசையின் கடைசியில், ஆலங்குளத்து மூத்த டிரைவருக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. அங்கே உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டார்.

தம்பி கிண்ணத்தோடு வந்தான். ஒவ்வொரு தலையிலும் பதனமாக எண்ணெய் வைத்தான். என் பக்கத்தில் இருந்தவர் தலையில் வைக்கும்போது, "போன வருசத்துக்கும் சேத்து" என்று இன்னொரு கை வைத்தான். அப்புறம் என் முன்னால் நின்றான்.

"அண்ணே, நீங்க எந்திரிச்சுக்கிடுங்க. நான் தாண்டிப் போயிருதேன்," என்று என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

தாண்டிப் போ என்று நானும் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். தாண்டினால் வேலை போகும், அவ்வளவுதான். முதலாளி வீட்டு மூத்த மகன் என்பதாவது மிஞ்சும். எண்ணெய் விழுந்தால் நான் அவனிடம் சம்பளத்துக்கு இருக்கிற ஆள். எழுந்திருக்கக் காலை ஊன்றினேன்.

பஸ் படியிலிருந்து அப்பா குரல் வந்தது. "வைலே."

தம்பி வைத்தான். மற்றவர்களுக்கு வைத்ததைவிடக் கூடுதலாகவே வைத்தான். நான் தலையைக் குனிந்து கொடுத்தேன். அதை மட்டும் யாரும் செய்யச் சொல்லவில்லை. எண்ணெய் வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. பக்கத்தில் இருந்த ஆலங்குளத்து டிரைவர் தன் துண்டின் நுனியை என் பக்கம் நீட்டினார்.

"தொடச்சுக்கிடுங்க, எரியும்," என்றார்.

வாங்கித் துடைத்துக்கொண்டேன். எங்கள் மூத்த டிரைவர் எழுந்து போய்க் கிண்ணத்தை வாங்கி, தம்பி தலையில் எண்ணெய் வைத்தார். எல்லாரும் அருவிக்குள் போனார்கள். நானும் அவர்களோடு போனேன்.

அதற்கப்புறம் எத்தனையோ சாரல் வந்து போயிற்று. தம்பி ஒரு வருஷம்கூட என் தலையைத் தாண்டிப் போனதில்லை.